இருபத்தொரு நொடிக் கைகுலுக்கல்

ஏரிக்கரைப் பல்கலைக்கழகம் ஏரியிலிருந்து பதினேழு கிலோமீட்டர் தள்ளி, மசாக்கா சாலையில் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. மாடியில் ஏறி நின்றால் ஏரி தெரியும் என்று நம்பித்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். ஏறிப் பார்த்தால் வாழைத்தோட்டம்தான் தெரிந்தது. பெயரை மாற்றலாமா, மாடியை உயர்த்தலாமா என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு இன்றும் மாதம் ஒருமுறை கூடித் தேநீரும் வேர்க்கடலையும் சாப்பிட்டுவிட்டுக் கலைகிறது.

அங்கே பதினோரு வருடமாகப் புகைப்படக்காரன் லுபோவா. சாதாரணப் புகைப்படக்காரன் இல்லை, அதிகாரபூர்வப் புகைப்படக்காரன். வித்தியாசம் என்னவென்றால் சாதாரணப் புகைப்படக்காரன் நல்ல படம் எடுத்தால் போதும். இவன் விதிப்படி எடுக்க வேண்டும். பட்டமளிப்பு விழாவில் வேந்தர் ஒவ்வொரு பட்டதாரியின் கையையும் குலுக்கும்போது படம் பிடிப்பதுதான் அவனுடைய தலையாய வேலை.

ஒரு காலத்தில் தலைக்கு ஒரு படம் என்றுதான் இருந்தது. ஒரு வருடம், மூன்று பாடத்தில் தேறாத ஒருவன் வாடகை அங்கியை மாட்டிக்கொண்டு வரிசையில் நுழைந்து, வேந்தரின் கையைக் குலுக்கி, படமும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் படத்தைக் காட்டியே வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராகவும் ஆகிவிட்டான். விஷயம் வெளியே வந்ததும் சடங்குகள் பிரிவு ஒன்பது நாள் உட்கார்ந்து யோசித்தது. புகைப்படத்தை வைத்துத்தானே மோசடி நடந்தது, ஆகவே இனிமேல் புகைப்படம்தான் ஆதாரம் என்று முடிவு செய்தது. அதுவும் ஒன்று போதாது, மூன்று வேண்டும். வருகை, பிடிப்பு, விலகல். பிடிப்புப் படம் இல்லாதவருக்குப் பட்டச் சான்றிதழ் கிடையாது. இதில் எங்கேயோ இடிக்கிறதே என்று லுபோவாவுக்குத் தோன்றியது. ஆனால் பதினோரு வருடத்தில் அங்கே இடிக்காத விதி எதையும் அவன் பார்த்ததில்லை என்பதால் பேசாமல் இருந்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் புதிய மெமரி கார்டு வந்தது.

கேமரா ஒரு படத்தை எடுத்ததும் அதை நேராகக் கார்டில் எழுதிவிடுவதில்லை. முதலில் தன் வயிற்றில் வைத்துக்கொள்ளும், பிறகு ஒவ்வொன்றாகக் கார்டில் இறக்கும். லுபோவாவின் கேமரா வயிறு ஏழு படம் கொள்ளும். எல்லாவற்றையும் இறக்கி முடிக்கும்வரை அதன் பின்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். வயிறு நிரம்பிவிட்டால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கல்லை அழுத்துகிற மாதிரிதான். பழைய கார்டு படத்துக்கு அரை நொடி எடுத்துக்கொண்டது. யாரோ ஒரு வணிகர் மொத்தமாக வழங்கிய புதிய கார்டு ஏழு நொடி எடுத்துக்கொண்டது. அதன் முகத்தில் பெரிதாக ஒரு எண் போட்டிருந்தது. அது ஏற்கெனவே எழுதியதைத் திரும்பப் படிக்கும் வேகம். எழுதும் வேகத்தை மூலையில் ஒரு வட்டத்துக்குள், சீரகம் அளவில் நான்கு என்று அச்சடித்திருந்தார்கள். படிப்பதில் சூரன், எழுதுவதில் மந்தம். எங்கள் பேராசிரியர்களில் பாதிப் பேர் அப்படித்தான் என்று லுபோவா மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

பண்டகசாலைக்குக் கடிதம் எழுதினான். மூன்று வாரத்தில் பதில் வந்தது. தங்களுக்கு வழங்கப்பட்டிருப்பது நூற்றிருபத்தெட்டு ஜிபி. இவ்வளவு பெரிய இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேகம் போதவில்லை என்று கூறுவது ஏற்புடையதல்ல. முதலில் இருக்கும் இடத்தை நிரப்பவும். இடம் வேறு வேகம் வேறு என்று விளக்கி இன்னொரு கடிதம் எழுதினான். வேறு வேறான இரண்டு பொருள்களுக்கு ஒரே கடிதத்தில் விண்ணப்பிக்கக்கூடாது என்று அது திரும்பி வந்தது. சொந்தமாக ஒரு நல்ல கார்டு வைத்திருக்கிறேன், போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டான். மறுநாளே இரண்டு பேர் வந்து, பல்கலைக்கழகப் படங்கள் அந்நியக் கார்டில் தங்கக்கூடாது என்று சொல்லி, கார்டு போடும் மூடியின்மேல் தாள் ஒட்டிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுவிட்டுப் போனார்கள். மொத்தம் ஒன்பது கடிதம். ஒன்பதாவது கடிதத்தின் பலனாக ஒரு குழு அமைந்தது.

குழுவின் தலைவர் டாக்டர் கிபிரிகே, சடங்குகளுக்கான துணைப் பதிவாளர். கால்நடைத் துறையிலிருந்து ஒருவரும் இறையியல் துறையிலிருந்து ஒருவரும் உறுப்பினர்கள். மூவரும் கையில் கடிகாரத்துடன் கேமராவின் சிவப்பு விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கப் பார்த்தார்கள். மூன்று படம், இருபத்தொரு நொடி. முடிவில் டாக்டர் கிபிரிகே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கார்டு மெதுவா எழுதுதுன்னு சொல்றே. சரி. நான் கேக்கறேன், நாம ஏன்பா அவ்வளவு வேகமா குலுக்கணும்? நாலு வருஷம் படிச்சவன் நாலு நொடியில கைய உருவிக்கிட்டு ஓடினா அதுக்குப் பேரு மரியாதையா? கார்டை மாத்தறது ரொம்பச் சுலபம். ஒரு கடைக்குப் போனா முடிஞ்சது. கைய மாத்தறதுதான்பா நிர்வாகம்."

இனிமேல் ஒவ்வொரு கைகுலுக்கலும் இருபத்தொரு நொடி நீடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கேமராவின் விளக்கு மேடைக்குத் தெரியாது என்பதால், மேடையின் நெற்றியில் ஒரு பெரிய சிவப்பு பல்பு மாட்டினார்கள். லுபோவாவின் தோளுக்குப் பின்னால் நூலகத்து ஊழியர் ஒருவர் நின்று, சின்ன விளக்கு எரிந்தால் பெரிய பல்பைப் போட வேண்டும், அணைந்தால் அணைக்க வேண்டும். பல்பு அணையும்வரை மேடையில் யாரும் அசையக்கூடாது. இந்த நிதானத்துக்குத் தோதாகப் பல்கலைக்கழகப் பாட்டையும் இழுத்துப் பாடச் சொன்னார்கள். ஒத்திகையில் போலீஸ் பேண்டுக்காரர்கள் இரண்டு பேருக்கு மூச்சு முட்டியது. கேட்டவர்களுக்கு யாரையோ அடக்கம் செய்யப் போகிற மாதிரி இருந்தது.

லுபோவா மட்டும் அந்தப் பாட்டைக் காதில் வாங்காமல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குக் காரணம் நாலோங்கோ.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே பேருந்து நிற்கும் இடத்தில் வாழைப்பழம் சுட்டு விற்பவள் அவள். இரட்டைப் பிள்ளை பெற்ற தாயை எங்கள் பக்கம் நாலோங்கோ என்றுதான் அழைப்பார்கள். அந்தப் பட்டம் வந்துவிட்டால் பெற்றோர் வைத்த பெயரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். மூத்தவன் வாஸ்வா, அடுத்தவன் காட்டோ. உலகத்தில் எங்கே இரட்டை ஆண் பிள்ளை பிறந்தாலும் எங்களுக்கு அவர்கள் வாஸ்வாவும் காட்டோவும்தான். அடுப்புப் புகையில் வளர்ந்து, சாலையைக் கடந்து, எதிரே இருந்த அதே பல்கலைக்கழகத்தில் இரண்டு பேரும் புள்ளியியல் படித்தார்கள். முகத்தில் மயிரிழை வித்தியாசம் கிடையாது. காட்டோ சிரித்தால் வாய் இடதுபக்கம் இழுத்துக்கொள்ளும், பல்லில் குச்சி கடித்துக்கொண்டிருப்பவன் மாதிரி. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டித்தான் ஏறுவான். வாஸ்வா படிக்குப் படி கால் வைத்து ஏறுகிற ஆள், சிரிப்பதும் அபூர்வம். லுபோவா தினமும் அங்கேதான் பழம் தின்றான் என்பதால் அவனுக்கு இதெல்லாம் தெரியும்.

கடைசித் தேர்வு முடிந்து முடிவும் வந்தது. இரண்டு பேரும் தேறிவிட்டார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து காட்டோ ஏறிப்போன மோட்டார் பைக்கின்மேல் மசாக்கா சாலையில் ஒரு லாரி மோதிவிட்டது. இரட்டையரில் ஒருவர் போனால் செத்தார் என்று நாங்கள் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. பறந்துவிட்டார் என்போம். காட்டோ பறந்துவிட்டான். நாலோங்கோ மூன்று வாரம் அடுப்பு மூட்டவில்லை.

துறைத் தலைவர் நல்ல மனிதர். காட்டோவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், பதிலாளாகத் தாய் பெற்றுக்கொள்வார் என்று போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டார். விழாவுக்கு முன்னால் நாலோங்கோ லுபோவாவைக் கூப்பிட்டு, பழம் சுற்றிய காகிதத்தைக் கையில் கொடுத்தாள்.

"வீட்டுல ரெண்டு ஆணி அடிச்சு வெச்சிருக்கேன் தம்பி. ஒரே உயரத்துல. வாஸ்வாவுக்கு எப்படி எடுக்கறியோ அப்படியே காட்டோவுக்கும் எடுத்துடு. ஒருத்தனுக்குக் குடுத்து ஒருத்தனுக்கு இல்லன்னா அவன் கோவிச்சுக்குவான். சின்னதுலேருந்தே அப்படித்தான், ஒரு சட்டை எடுத்தா ரெண்டு எடுக்கணும். தனியா அவன் ஒரு போட்டோவுலயும் இல்ல. எல்லாத்துலயும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் நிக்கறாங்க."

எடுத்துவிடுகிறேன் அக்கா என்று லுபோவா சொன்னான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு எளிதாக எதற்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

விழா நாளில் அறுநூற்று நாற்பது பேர். வாசலில் எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கிச் சாக்கில் கட்டிவிட்டார்கள். அதிகாரபூர்வப் படம் இருக்கும்போது அதிகாரமற்ற படம் எதற்கு என்பது டாக்டர் கிபிரிகேயின் கேள்வி. வேந்தர் எழுபத்தொன்பது வயது ஓய்வுபெற்ற நீதிபதி. ஒரு மனிதரின் கையை இருபத்தொரு நொடி பிடித்துக்கொண்டிருப்பது எவ்வளவு நீளம் என்பது பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். முதல் ஐந்து நொடி புன்னகை. பத்தாவது நொடியில் புன்னகை கெட்டியாகிவிடும். பதினைந்தாவது நொடியில் ஏதாவது பேசியாக வேண்டும். ஒரு பெண் மரவள்ளியில் வரும் நோயைப் பற்றி அவருக்கு விளக்கினாள். ஒருவன் தன் மாமாவின் நில வழக்கைச் சொல்லி யோசனை கேட்டான். ஒருவனுக்குத் தும்மல் வந்து, அசையக்கூடாது என்பதால் வேந்தர்மேலேயே தும்மினான். மத்தியானத்துக்குள் வேந்தரின் கை வீங்கிவிட்டது. ஒரு துணி சுற்றி மேலே கையுறை போட்டுவிட்டார்கள். அவர் அடுத்தவருக்குக் கையை நீட்டினார். அறுபது வருடம் விதிகளோடு வாழ்ந்தவர்.

மூன்று மணிக்கு வாஸ்வா ஏறினான், படிக்குப் படி. மூன்று படம், இருபத்தொரு நொடி. பல்பு அணைந்தது, அவன் இறங்கினான். அடுத்த பெயர் காட்டோ. லுபோவாவின் கேமரா வயிறு காலியாக இருந்தது. நாலோங்கோ, விசேஷ நாளில் பெண்கள் உடுத்தும் கொமேசியைப் பச்சை நிறத்தில் உடுத்தி, காட்டோவின் அங்கியை மடித்து முழங்கையில் போட்டுக்கொண்டு படியருகே நின்றாள். தோள்பட்டையில் துணி கூர்மையாக நின்றிருந்தது. நன்றாகக் கஞ்சி போட்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மண்டபத்தின் பின்கதவு திறந்தது. கார்டுகளை வழங்கிய வணிகர் தாமதமாக வந்து சேர்ந்தார். விழா அவரால்தான் இத்தனை கம்பீரமாக நடக்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, அவருக்கு ஒரு மரக்கேடயம் கொடுக்க டாக்டர் கிபிரிகே மேடைக்கு அழைத்தார். ஏழு படமாவது எடு என்று லுபோவாவிடம் கையால் காட்டினார். அடுத்து ஒரு முக்கியமான படம் இருக்கிறது, கேமரா அடைத்துக்கொள்ளும் என்று லுபோவா சொல்லப் பார்த்தான்.

"இதைவிட முக்கியமான ஆள் யாருப்பா? இவர் இல்லன்னா இந்தக் கார்டே கிடையாது."

லுபோவா ஏழு எடுத்தான். வணிகர் இரண்டே நொடியில் கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அவருக்கு இருபத்தொரு நொடி விதி பொருந்தாது. கேமரா வயிறு முட்ட நிரம்பியிருந்தது. நேரமாகிவிட்டது என்று டாக்டர் கிபிரிகே பல்பு அணையும் முன்பே நாலோங்கோவை மேலே வரச் சொன்னார். நாலோங்கோ படியேறும்போது ஒரு படம் கார்டில் இறங்கி, ஒரே ஒரு இடம் காலியானது. முதலில் வருகை. விதி அது. பதினோரு வருடப் பழக்கத்தில் விரல் தானாக அழுத்திவிட்டது. மறுபடி நிரம்பிவிட்டது.

அவள் வேந்தரின் முன்னால் போய், பெரியவர்களை வணங்குகிற வழக்கப்படி முழந்தாளிட்டாள். வேந்தர் அவள் முழங்கையிலிருந்த அங்கியைப் பார்த்தார். காலையிலிருந்து யாருக்காகவும் எழாதவர் எழுந்தார். அந்த அதிசயத்தில் லுபோவாவின் விரல், அதற்குள் காலியான இன்னொரு இடத்தையும் அழுத்தித் தீர்த்துவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி, பிறகு இன்னொன்றையும் ஊன்றி, அவள் உயரத்துக்கு இறங்கி அவளுக்கு நேராக முழந்தாளிட்டார். கையுறையைக் கழற்றினார். வீங்கிய கையால் அவளுடைய இரண்டு கையையும் அங்கியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

லுபோவா பொத்தானை அழுத்தினான். கல். மறுபடி அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அப்படியே இருங்கள், அப்படியே இருங்கள் என்று அவன் வாய் முணுமுணுத்தது. விதிப்படி அவர்கள் அசையவும் கூடாது. ஆனால் முழந்தாளிடுதல் நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று டாக்டர் கிபிரிகே பணியாளர்கள் இருவர் காதில் கிசுகிசுக்க, அவர்கள் வேந்தரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டார்கள். கைகள் சேர்ந்திருந்தது ஐந்து நொடிகூட இருக்காது. அதற்குப் பிறகுதான் கேமரா இடம் கொடுத்தது. படத்தில் விழுந்தது படியிறங்கும் நாலோங்கோவின் முதுகு.

வருகை இருந்தது, விலகலும் இருந்தது. பிடிப்பு இல்லை.

ஆறு வாரம் கழித்து வாஸ்வாவின் சான்றிதழும் படமும் வந்தன. காட்டோவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கள் கைகுலுக்கலுக்கான ஆதாரம் இல்லாததால் பட்டம் நிலுவையில் உள்ளது. துணைக் கைகுலுக்கலுக்குத் தாங்களே நேரில் வரவும். நாலோங்கோ வாஸ்வாவின் படத்தை ஆணியில் மாட்டாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வாஸ்வாவையும் அழைத்துக்கொண்டு சடங்குகள் பிரிவுக்கு வந்தாள். குற்றம் தன்னுடையது என்று லுபோவாவும் கூடப் போனான்.

டாக்டர் கிபிரிகே எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலி போடச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பிரச்சினையே, கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பதிலாள் ஒருமுறைதான் வரலாம், அது முடிந்துவிட்டது என்றார். படமில்லாமலே சான்றிதழ் வாங்க ஒரு படிவம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார். வர இயலாமைக்கான காரணம் என்று நான்கு கட்டம். நோய், வெளிநாடு, சிறை, மரணம்.

நாலோங்கோ படிவத்தை மேசைமேலேயே திருப்பி வைத்தாள்.

"என் பிள்ளை பறந்துட்டான் ஐயா," என்றாள்.

"எனக்குத் தெரியாதா நாலோங்கோ? நானும் இந்த மண்ணுல பிறந்தவன்தானே. எங்க வீட்டுலயும் ரெட்டைப் பிள்ளைங்க உண்டு. அந்த வார்த்தைய என் வாயால நான் சொல்வேனா? ஆனா படிவத்துல பறந்தார்னு ஒரு கட்டம் இல்லையே. நாலாவதுல ஒரு சின்னக் கோடு போடுங்க. நீங்க சொல்ல வேணாம், பேனாதானே சொல்லப்போகுது."

அவள் பேனாவைத் தொடவில்லை. எனக்கு அந்தக் காகிதமும் வேண்டாம், போட்டோதான் வேண்டும் என்றாள். டாக்டர் கிபிரிகே கண்ணாடியைத் துடைத்தபடி வாஸ்வாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு விதியைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் மெல்லப் பரவியது.

"நேர்ல வரணும்னுதான் விதி. நேர்ல வந்தது யாருன்னு போட்டோவுல இருக்கற முகத்தை வெச்சுத்தான் நாங்க பாக்கறோம். முகம் இதோ இருக்கு. இந்தத் தம்பி வந்து நின்னா, எங்களப் பொறுத்தவரைக்கும் வந்தது காட்டோதான்."

நாலோங்கோ எழுந்துவிட்டாள். என் பிள்ளைகள் ஒருவனுக்கு ஒருவன் உதிரி பாகமா என்று அவள் கேட்டது சன்னமாகத்தான் இருந்தது, ஆனால் பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது. அப்போதுதான் அதுவரை வாய் திறக்காத வாஸ்வா பேசினான்.

"நான் நிக்கறேம்மா. அவன் எனக்காக எத்தனை நாள் கிளாஸ்ல கை தூக்கியிருக்கான், உனக்குத் தெரியாது. நான் தூங்கிட்டு இருப்பேன், வாஸ்வான்னு கூப்பிட்டதும் உள்ளேன்னு சொல்லிட்டு, அப்புறம் அவன் பேருக்கும் உள்ளேன்னு சொல்லுவான். நான் ஒரு தடவை சொல்லிட்டுப் போறேன்."

டாக்டர் கிபிரிகே நாட்காட்டியைப் புரட்டினார்.

துணைக் கைகுலுக்கலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தார்கள். வேந்தரின் கையில் இன்னும் கட்டு இருந்ததால், கைகுலுக்கும் அளவில் பொறுப்பு வேந்தராக டாக்டர் கிபிரிகேயை நியமித்து உத்தரவு வந்திருந்தது. அவர் வேந்தரின் அங்கியை மாட்டிக்கொண்டு வெறும் மேடையில் நின்றார். இரண்டாயிரம் நாற்காலியும் காலி. கடைசி வரிசையில் நாலோங்கோ மட்டும், அதே பச்சைக் கொமேசியில். நூலகத்து ஊழியர் பல்பின் சுவிட்சில் கை வைத்தார். டாக்டர் கிபிரிகே ஒலிபெருக்கியில் காட்டோவின் பெயரைப் படித்தார்.

கீழே நின்ற வாஸ்வா, உள்ளேன் என்றான். காட்டோவின் அங்கியில் இருந்தான். பிறகு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான்.

லுபோவா கேமராவைக் கண்ணில் வைத்தான். வருகை. டாக்டர் கிபிரிகே கையை நீட்டினார். வாஸ்வா அதைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் கடைசி வரிசையைப் பார்த்தான். அவன் வாய் மெல்ல இடதுபக்கம் இழுத்துக்கொண்டது. பல்லில் குச்சி கடித்துக்கொண்டிருப்பவன் மாதிரி அவன் சிரித்தான்.

பின்னால் ஒரு நாற்காலி உராயும் சத்தம் கேட்டது. லுபோவா ஒரு கண்ணால் திரும்பிப் பார்த்தான். நாலோங்கோ எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கையையும் முன் நாற்காலியின் முதுகில் ஊன்றியிருந்தாள். அவள் வாயும் லேசாக இடதுபக்கம் போயிருந்தது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேடைமேல் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அது அணையும்வரை யாரும் அசையக்கூடாது. மூன்று படம் என்றால் இருபத்தொரு நொடி. இந்தக் கார்டைத் திட்டாமல் ஒரு வருடத்தில் ஒரு நாள் போனதில்லை. லுபோவா பிடிப்பை எடுத்தான். மறுபடி பிடிப்பை எடுத்தான். விலகலுக்குக் காத்திருக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான், பொத்தான் கல்லாகும்வரை. ஏழு படம். நாற்பத்தொன்பது நொடி. கேமரா வயிற்றில் அதற்குமேல் இடமில்லையே என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது.

யாரும் அசையவில்லை. டாக்டர் கிபிரிகே பல்லுக்கிடையில் கேட்டார்.

"என்னப்பா, இன்னும் அணையல?"

"எழுதிட்டிருக்கு ஐயா. மெதுவாத்தான் எழுதும்."

அவர் தன் கைக்குள் இருந்த கையைப் பார்த்தார், பிறகு அந்த முகத்தைப் பார்த்தார். அது அவர் போட்ட விதி. மீறி ஓட அவருக்கே வழியில்லை. காலி மண்டபத்தில் ஒரு தாயும் பறந்துபோன பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சுவிட்சுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

சின்ன விளக்கு அணைந்தது. சுவிட்சுக்காரர் கொஞ்சம் தாமதித்தார், விதியை மீறி, இரண்டு மூச்சு நேரம். அப்புறம் அவரும் அணைக்க வேண்டியதாயிற்று.

வாஸ்வாவின் வாய் நேராகிவிட்டது. கையை எடுத்துக்கொண்டு, படிக்குப் படி கால் வைத்து இறங்கி, அங்கியைக் கழற்றி மடித்தான். நாலோங்கோ இன்னும் நின்றுகொண்டிருந்தாள். லுபோவா பக்கத்தில் போனதும் அவன் கையிலிருந்த கேமராவைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்த வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம் எரிஞ்சிருக்கக் கூடாதா, தம்பி?"

அவன் கேமராவைத் திருப்பிப் படத்தை அவளுக்குக் காட்டினான். படம் நன்றாக வந்திருந்தது. சடங்குகள் பிரிவு அதை மாதிரிக் கைகுலுக்கல் என்று அறிவிப்புப் பலகையில்கூட ஒட்டியது. இரண்டு ஆணியிலும் இரண்டு படம் ஏறியது. வாஸ்வா மட்டும் அந்தச் சுவர்ப்பக்கம் பார்ப்பதில்லை என்று அவள் சொன்னாள்.

மறு வாரம் பண்டகசாலையிலிருந்து ஒரு உறை வந்தது. தங்களின் ஒன்பது கடிதங்கள் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, படத்துக்கு அரை நொடி எடுக்கும் புதிய கார்டு இத்துடன் அனுப்பப்படுகிறது. பழைய மெதுவான கார்டை இன்று மாலைக்குள் அழிப்பதற்காக ஒப்படைக்கவும். லுபோவா புதிய கார்டை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. மேசையில் உட்கார்ந்து பத்தாவது கடிதத்துக்கான படிவத்தை எடுத்தான். பொருள்: பழைய கார்டை என்னிடமே வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுதல். பெயர், பதவி, பிரிவு எல்லாம் எழுதினான். காரணம் என்ற கட்டம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.